ஸ்டெப் எங்கே?

தென்காசிப் பக்கம் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடமும் குற்றாலச் சீசனும் சேர்ந்தே ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்குக் கணக்கு எதில் நன்றாக ஏறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் காலத்தில் வாய்ப்பாடு கோரஸாகத்தான் வரும். பதினாறாம் வாய்ப்பாடு வந்தால் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். சார் கையில் கம்பு இருக்கும். மதிப்பீடும் அதுதான், மதிப்பெண்ணும் அதுதான்.

இப்போது கம்பு போய்விட்டது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. கூட்டல் வராத பிள்ளையை மக்கு என்பதற்குப் பதில் அரும்பு என்பது காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி! மதிப்பீட்டுக்கும் வளரறி, தொகுத்தறி என்று பெயர் வைத்தாயிற்று. டீச்சர்தான் பாவம், செயலியில் விவரம் ஏற்றச் செல்போனைத் தூக்கிக்கொண்டு டவர் தேடுகிறார்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவி போகிற வழியில் ரம்புட்டான் கடை. அப்பா டீ குடிக்கப் போயிருக்க, ஐந்தாம் வகுப்பு மகன் கல்லாவில். கிலோ 240 ரூபாய். முக்கால் கிலோ கேட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினேன்.

“நூத்தியெம்பது போக முந்நூத்தி இருவது, பிடிங்க அண்ணாச்சி.”

“எப்பிடிலே போட்ட?”

“அரைக்கு நூத்தியிருவது, காலுக்கு அறுவது. இதுல என்ன இருக்கு?”

பழக்கூடைப் பக்கம் கிடந்த அவன் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 240இல் முக்கால் பங்கு எவ்வளவு? 180 என்று சரியாகவே எழுதியிருந்தான். சிவப்பு மையில் ‘ஸ்டெப் எங்கே?’, 5க்கு 2. அடுத்த கணக்கில் ராமு கிலோ 80 ரூபாய் வீதம் இரண்டேகால் கிலோ ஆரஞ்சு வாங்குகிறான். ஸ்டெப் எல்லாம் வரிசையாக இருந்தது. விடை 1,800. மதிப்பெண் 5க்கு 4. கடையில் யாராவது அந்த ரூபாயை நீட்டியிருந்தால் இவனே சிரித்திருப்பான்.

இது நம்மூர் கூத்து மட்டுமில்லை. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் விற்கும் சிறுவர்களிடம் இதையே பார்த்தார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளைப் பற்றி 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வும் அதையே சொன்னது: கடையில் சட்டென்று வருகிற கணக்கு தாளில் தடுமாறுகிறது. பள்ளிக்கூடம் மட்டும் போகிற பிள்ளைகளோ கடைக்கணக்கில் முழிக்கிறார்கள்.

கேள்வித்தாள் எழுதுகிற சார்மாரே, டீச்சர்மாரே, ராமுவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். ரம்புட்டான் கடைப் பையன் முக்காலை அரையும் காலுமாகப் பிரித்தானே, அதுதான் ஸ்டெப். அதை வாயால் சொன்னால் கேட்டுக்கொண்டு முழு மதிப்பெண் போடுங்கள்.