ஆறாம் கட்டத்துக் குறை: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் பொருள் ஒரு கட்டம். பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில், நிதியாண்டு முடிகிற வேளையில், ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் ஒரு சுயமதிப்பீட்டுப் படிவம் திறக்கும். அதன் முதல் ஐந்து கட்டங்களில் ஊழியர் தம் சாதனைகளை எழுதுவார். ஆறாவதில் தம் குறையைத் தாமே எழுத வேண்டும். தலைப்பு, 'முன்னேற வேண்டியவை'. மனிதவளத் துறையில் பிழைப்பு நடத்துவதால் இந்த ஆறாம் கட்டத்தை வருடந்தோறும் கத்தை கத்தையாகப் படிக்கும் பேறு இக்கட்டுரையாளருக்கு வாய்த்திருக்கிறது. முதல் ஐந்தும் ஆய்வுக்குத் தகா. அவற்றில் எல்லாரும் எல்லாவற்றையும் வெற்றிகரமாக முடித்திருப்பார்கள். அப்படியானால் ராத்திரி ஒரு மணிக்கு கிளையண்ட் யாரைப் பிடித்துக் கத்தினார் என்பது வேறு ஆய்வாளர்கள் தேட வேண்டியது.

கட்டத்தின் இலக்கணம் வருமாறு: எழுதப்படும் குறை குறைபோலத் தோன்ற வேண்டும், குறையாக இருந்துவிடக் கூடாது, அடுத்த வருடமும் உதவ வேண்டும். கிடைத்த மாதிரிகளில் முதலிடம், 'எதிலும் கச்சிதம் பார்ப்பதால் சில சமயம் நேரம் கூடிவிடுகிறது' என்பதற்கு. அடுத்து, 'யார் உதவி கேட்டாலும் மறுக்கத் தெரியவில்லை'. பெண் பார்க்க வந்த இடத்தில், "பையனுக்குக் கோபமே வராது, அது ஒண்ணுதான் குறை" என்று பெரியம்மா சொல்வாரே, அந்த மரபில் வந்தவை இவை.

மூன்றாம் விதியை நிலைநாட்ட ஒரு கள ஆதாரம், லிஃப்ட் வாசலில் பதிவானது:

"இதுல என்ன சார் போடறது?"

"போன வருஷம் என்ன போட்ட?"

"டைம் மேனேஜ்மென்ட்."

"அதையே போடுப்பா. இன்னும் சரியாகலேன்னுதானே அர்த்தம்."

அரிதாக உண்மைக் குறையும் அகப்படும். 'கிளையண்ட் காலில் நாலு பேருக்கு மேல் இருந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை' என்று வேலைக்குச் சேர்ந்து அதிகநாள் ஆகாத ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய மேனேஜர் அந்த ஆண்டு முழுதாகப் படித்த ஆறாம் கட்டம் அது ஒன்றாகத்தான் இருக்கும். நாலாக இருந்த ரேட்டிங் மூன்றாயிற்று. காரணம்: 'பேச்சுத் திறன் போதாது, ஊழியரே ஒப்புக்கொண்டுள்ளார்.' அடுத்த வருடம் அதே பெண், எதிலும் கச்சிதம் பார்ப்பதால் நேரம் கூடிவிடுவதாக எழுதினார். ஊழியர் வளர்ச்சி என்று துறைநூல்கள் சொல்வது இதையே என்க.

படிவத்துக்கு இலக்கணம் கண்டவர்கள் மேலைநாட்டார் என்று எண்ணுவோர் நன்னூலின் பாயிரத்தைப் புரட்ட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் பாதி அப்ரைசலுக்கென்றே சொன்னவை. மிகைபடக் கூறல், முதல் ஐந்து கட்டங்கள். கூறியது கூறல், மேற்படி லிஃப்ட் வாசல். கேட்டது தன் குறையாக இருக்க டீமுக்கு ஆள் போதாததைப் பற்றி எழுதுவது மற்றொன்று விரித்தல். நான்கு வரிக்குள் 'எட்செட்ரா'வில் போய் முடிவது சென்று தேய்ந்து இறுதல். நின்று பயனின்மை என்பது படிவத்தைச் சேமித்த பிறகு அது அடையும் நிலை.

பவணந்தியார் அத்தோடு விடவில்லை. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக வகுத்து, முதல் இரண்டைத் தலை என்றும் அடுத்த இரண்டை இடை என்றும் மீதி நான்கையும் கடை என்றும் தரம் பிரித்தார். சதவீதத்தில் 25, 25, 50. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச் 1980களில் கொண்டுவந்த பிரிப்பு 20, 70, 10. அந்தக் கடைசிப் பத்துக்கு வாசலைக் காட்டினார்கள். பவணந்தியார் பாதிப் பேரைக் கடை என்றார், ஆனால் யாரையும் பிஐபியில், அதாவது 'திருந்த ஒரு கடைசி வாய்ப்பு'த் திட்டத்தில், போட்டதாகத் தெரியவில்லை.

நம் ஊர் நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது மணி வடிவ வளைவை, அதாவது பெல் கர்வை. கோள்களின் பாதையைக் கணிக்கும்போது நேரும் அளவீட்டுப் பிழைகளுக்காக காவுஸ் 1809இல் கையாண்ட வளைவு அது. கோளுக்கும் ஊழியருக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டும் சுற்றிச் சுற்றி வருவதுதான். ஏழு பேர் உள்ள டீமில் கடைசிப் பத்து சதவீதம் என்றால் 0.7 ஆள். மீதி 0.3 ஆளை எங்கே வைப்பது என்பதற்கு நார்மலைசேஷன் மீட்டிங் என்று பெயர்; மாலை ஏழுக்குத் தொடங்கும், சமோசா உண்டு. மைக்ரோசாஃப்ட் இத்தகைய தரவரிசையை 2013 நவம்பரிலேயே கைவிட்டது. சமோசா மீட்டிங்குகள் இங்கே தொடர்கின்றன.

அரசுத் துறையில் இதற்கு வேறொரு அழகு உண்டு. எல்லைச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர் ஒருவருக்கு இரகசியக் குறிப்பேட்டில் ஓர் ஆண்டு 'நன்று' என்று எழுதிவிட்டார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். ஆக அவரை வீழ்த்தியது 'நன்று'. பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பது அன்றைய வழக்கம் என்பதால், தன்னை நன்று என்று திட்டியிருப்பதே அவருக்குத் தெரியாது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, ஆறாம் கட்டத்தின் விளைவு. அது பயிற்சி. 'டைம் மேனேஜ்மென்ட்' என்று எழுதியவரை ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் உட்கார வைப்போம். அவர் கடைசி வரிசையில் லேப்டாப்பைத் திறந்து, தேங்கிய வேலையை முடித்துவிடுவார். அந்த அளவில் பயிற்சி வெற்றியே. அமெரிக்காவின் கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையத்தார் 1980களில் நடத்திய ஆய்விலிருந்து கிளைத்த 70-20-10 கணக்கு எங்கள் துறையில் எல்லாருக்கும் மனப்பாடம்: கற்றலில் எழுபது பங்கு வேலையிலேயே, இருபது கூட இருப்பவர்களிடம், பத்துதான் வகுப்பில். எங்கள் பட்ஜெட் முழுவதும் அந்தப் பத்துக்கு.

பேச்சு வராது என்று எழுதிய பெண் இப்போது கிளையண்ட் காலைத் தானே நடத்துகிறார். அவரையும் வகுப்புக்கு அனுப்பினோம், சான்றிதழ் கோப்பில் இருக்கிறது. பேச்சு வந்த காரணம் வேறு. டீம் லீட் ஒருவர் தினமும் காலைக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தை அவரிடம் விட்டுவிட்டு, கேமராவை அணைத்துக்கொண்டு கூடவே இருந்தார். திணறினால் சாட்டில் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தார். கால் முடிந்ததும், "நல்லாத்தானேம்மா பேசினே, அந்த ரெண்டாவது கேள்விக்கு மட்டும் ஏன் சாரி சொன்னே?" என்பார். இப்படிச் சில மாதங்கள். இதை எழுத அந்த லீடின் படிவத்தில் கட்டம் கிடையாது. அவர் ஆறாம் கட்டத்தில், டீமின் வேலையில் அதிக நேரம் செலவாகிறது என்று எழுதியிருந்தார். அவ்வாண்டு அவருக்கும் மூன்று. ஊழியர் வளர்ச்சி எங்கே நடக்கிறது என்பது பற்றி இவ்வாய்வின் துணிபு இவ்வளவே. எங்கள் துறைத் தலைவர் ஏற்பாரா என்பது என் சம்பள உயர்வு வந்தபின் தெரியும்.

எஞ்சியிருப்பது ஒரு கிளைப்பொருள். வேலையை விட்டுப் போகிறவரிடம் கொடுக்கும் கடைசிப் படிவத்தில் இதே கட்டம் திரும்பி நிற்கும்: 'நிறுவனம் முன்னேற வேண்டியவை'. அந்த லீடும் சென்ற மாதம் இந்தப் படிவத்தை நிரப்பினார். ஏழு வருடம் இங்கே இருந்தவர், சொல்ல எவ்வளவோ இருக்கும் என்று பேனாவோடு எதிரே உட்கார்ந்தேன். அவர் நிதானமாக எழுதினார்: 'ஊழியர்கள் மீது நிறுவனம் காட்டும் அக்கறை சில சமயம் அளவுக்கு மீறிப்போகிறது.' விலகும் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்'. ரிலீவிங் லெட்டர் மறுநாள்தான் கைக்கு வரும்.