புழு கண்ட பொருளாதாரம்

ஏழைப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் தேறுவதில்லை? இதைக் கண்டறிய 1990களில் மேற்குக் கென்யாவின் பூசியா பக்கம் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் படையெடுத்தார்கள். முதலில் சில பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு (அதுதான் கட்டுப்பாட்டுக் குழு) ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில். பலருக்கு அது மூன்றாவது மொழி. உள்ளூர் வாத்தியாரைக் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் சொல்லியிருப்பார். ஆனால் டீக்கடைப் பேச்சுக்குக் கட்டுப்பாட்டுக் குழு கிடையாதே!

அப்புறம் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை. பள்ளிக்கு மட்டம் போடுவது கால்பங்கு குறைந்ததாக 2004இல் கட்டுரை வந்தது. வயிற்றில் புழு நெளிந்தால் பிள்ளை வகுப்பில் உட்காராது என்பது எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதிதான். என்ன செய்ய, பாட்டியின் மாதிரி அளவு சிறியது. 2015இல் வேறு சில ஆய்வாளர்கள் அந்தத் தரவையே மறுபடி கிளற, அறிஞர்களுக்குள் மூண்ட சண்டைக்குப் ‘புழுப் போர்’ என்றே பெயர் வந்தது. புழுக்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை.

இந்தக் கென்ய ஆய்வுகளை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமருக்கு 2019இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோவோடு சேர்த்துப் பொருளாதார நோபல். பரிசுத் தொகை 90 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர். மாத்திரைக்கு ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு டாலர்கூட ஆகாது.