தோசாய் தட ரயிலில் ஒரு வெளிநாட்டுக்காரர்

கேள்வி: டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நிஷி-கசாயில் வீடு பார்த்திருக்கிறோம். காலை ரயிலில் ஆளைத் தள்ளி ஏற்றுவார்களாமே, சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் வீடு தோசாய் தடத்தில் இருக்கிறது! அதில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே 2019-இல் காலை நெரிசல் 199 சதவீதம். நெரிசலுக்கு அங்கே அரசாங்கமே அளவுகோல் வைத்திருக்கிறது. 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180-இல் மடித்துப் படிக்கலாம். 200-இல் வார இதழை எப்படியோ படித்துவிடலாம். 250-இல் கையைக்கூட அசைக்க முடியாது. ஆக, செய்தித்தாள் கைவிட்டாலும் வார இதழ் கைவிடாது. இந்த அளவுகோலை வகுத்தவருக்கு என் பத்திரிகைக்கார வணக்கம்!

1955-இல் ஷின்ஜுகுவில் தொடங்கிய 'தள்ளும் ஆட்கள்' வழக்கம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கதவோரம் நின்றால், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு, மறுபடி ஏறுங்கள். உங்கள் இடத்தை யாரும் பறிக்க மாட்டார்கள். கைபேசியில் பேசவே கூடாது.

பெண்கள் மட்டும் ஏறும் பெட்டியின் அறிவிப்பை நடைமேடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நெரிசலைச் சாக்காக்கிப் பெண்களைச் சீண்டும் கயவர்களால் வந்த ஏற்பாடு அது. உங்கள் கைகள் எப்போதும் மேலே, பிடிவளையத்தில் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது நிம்மதி. அலுவலகம் ஒப்புக்கொண்டால் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.