கொச்சிக்கடையில் கிஷ் கட்டம்: ஓர் அவசர ஆய்வு

திங்கட்கிழமை வேலையைக் கொடுத்து வெள்ளி மாலை அறிக்கை கேட்கும் சந்தை ஆய்வு நிறுவனத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது எது? மென்பொருள் என்பர் மேலாளர். பிளேன்டீயின் சூடு என்பது இக்கட்டுரையின் துணிபு.

களம் கொழும்பு 13இன் கொச்சிக்கடை. அந்தோனியார் கோயிலுக்கும் ஜம்பட்டா வீதிக்கும் இடையே சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட வீடுகள். வலக்கைப் பக்கமாகவே நடந்து, சில வீடுகளை விட்டு ஒரு கதவைத் தட்டுவது மாதிரி எடுப்பின் பாலபாடம். அதைப் பிசகாமல் பின்பற்றினால் முடுக்கைச் சுற்றி முதலில் தட்டிய கதவுக்கே வந்து சேரலாம்.

வீட்டில் யாரைக் கேட்பது? கதவைத் திறந்தவரே எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாதென்று லெஸ்லி கிஷ் 1949இல் ஒரு கட்டம் வகுத்தார். பெரியவர்களை வரிசையாக எழுதி, கட்டம் காட்டுபவரை மட்டும் கேட்க வேண்டும். அது இங்கே காட்டுவது, துறைமுகத்தில் இரவு வேலை முடித்து உறங்குபவரைத்தான். “அவர எழுப்ப ஏலாது தங்கச்சி, கேளுங்க, நான் சொல்றன்” என்பார் அக்கா. சொல்வது அக்கா, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து திருத்துவது மாமியார், டெப்லட்டில் பதிவாவது ‘ஆண், வயது 43’.

இதற்குள் பிளேன்டீ வரும். மறுத்தால் பேட்டி முடிந்தது. வாங்கினால், கோப்பை ஆறும்வரை எதிர்க் கேள்விகள்: எந்த ஊர், கல்யாணமாகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு? முழு ஆய்விலும் ஒன்று விடாமல் பதில் கிடைக்கும் கேள்விகள் இவைதாம்.

வருமானக் கேள்விக்குத் தனி அத்தியாயம் வேண்டும். அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசும வந்த 2023 முதல், கேள்வியோடு வருபவரெல்லாம் கொடுப்பனவுக்காரர். தொகை இறங்கும், தொலைக்காட்சி மேல் துணி ஏறும்.

அறிக்கை நாள் நெருங்கியதும் பேட்டி எடுப்பவர் சிலர் செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் நின்று ஒதுக்கீட்டை நிரப்புவார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள், பௌத்தர் என்று ஆளுக்குக் குறைவில்லை. கொச்சிக்கடைக்காரர்தாம் எத்தனை பேரென்று தெரியாது. ஆள் கூடினால் மட்டும் கணக்குச் சரியாகிவிடாது: 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை இருபது லட்சத்துக்கு மேல் பதில்களைக் குவித்து, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அந்தச் சஞ்சிகையின் கணக்கைச் சரிபார்க்கத் தேர்தல் நாள் என்று ஒன்று வந்தது. நேர்த்திக்கு வந்த நீர்கொழும்பாரின் சவர்க்கார விருப்பம் கொழும்பு 13இன் கணக்கில் ஏறிவிட்டால், அதைச் சரிபார்க்க எந்த நாளும் வராது. அறிக்கை வெள்ளிக்கிழமையே போய்விடும்.