ரிலீஸுக்கு ரிலீஸ் ஓர் ஆம்பளை

ஊருக்கு நாலு பேராவது இவரைப் போல இருப்பார்கள். ஓய்வு பெற ஓரிரு வருஷம் பாக்கி, கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் சர்க்கரை. மீசையை மட்டும் உற்றுப் பாருங்கள். அது எந்தக் காலத்திலும் இவருடைய சொந்த மீசையாக இருந்ததில்லை. கடைசியாக எந்தப் படம் ஓடியதோ அந்தப் படத்து மீசை.

1982-இல் 'சகலகலா வல்லவன்' வந்தபோது பள்ளிக்கூடப் பையன். திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணைக் கட்டி அடக்குவதே லட்சியம் என்று முடிவெடுத்தார். அந்த ஊரில் பணக்காரப் பெண்கள் இரண்டே பேர். இருவருக்கும் இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. ரஜினியைப் பார்த்து சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கப் பழகியதில் தீபாவளிச் சட்டை பொத்தலானதுதான் மிச்சம். 1991-இல் 'இதயம்' வந்தது. காதலைச் சொல்ல முடியாமலே தவிக்கிற முரளியைப் பார்த்ததும் இவருக்கு நிம்மதி. வாய் வராததைக்கூடப் பெருமையாக வைத்துக்கொள்ளலாமே!

கல்யாணம் நடந்தது 'மன்னன்' வெளியான 1992-இல். முதலாளியம்மா விஜயசாந்தி கடைசியில் குடும்பத் தலைவியாகி வீட்டோடு இருந்துவிடுவார் அல்லவா? "நீயும் வேலையை விட்டுடு" என்றார், ஆசிரியையான புது மனைவியிடம்.

"விட்டுடறேங்க. வாடகை உங்க சம்பளத்துல வருமா?"

'மன்னன்' வசூலில் இவருக்குப் பங்கு இல்லாததால் பேச்சு அத்தோடு நின்றது. 1999-இல் 'படையப்பா' பார்த்துவிட்டு வந்து, பொம்பளை எப்படி இருக்க வேண்டும் என்று திண்ணையில் ஆரம்பித்தார். "கிளாஸ் எடுக்கிறது என் வேலை. நீங்க போய் கேஸ் புக் பண்ணிட்டு வாங்க" என்று பதில் வந்தது. போனார்.

'வாரணம் ஆயிரம்' சூர்யாவின் சிக்ஸ் பேக்குக்காக ஜிம்மில் ஒரு வருஷப் பணம் கட்டியதை அதிகம் சொல்ல வேண்டாம். டம்பெல் இன்று காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது.

இவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. புகைத்தால் கேடு என்று 2012 முதல் திரையின் ஓரத்தில் எழுத்து வருகிறது. கன்னத்தில் அறைந்தால் பெண் காதலிப்பாள் என்று எத்தனை படத்தில் காட்டினார்கள்! அதற்கு ஓர் எழுத்தும் வரவில்லை. பாடத்திட்டமே அப்படி, மாணவன் என்ன செய்வான்?

பாடத்திட்டம் பிறகு மாறியது. '96' படத்தில் ஜானு கிட்டே வந்தாலே மிரளுகிற ராமாக விஜய் சேதுபதியைப் பார்த்த கையோடு தாடி வளர்த்து, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சோகமாக ஒரு வணக்கம் போட்டார். அந்தக் காலத்து ஜானுவிடமிருந்து பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. 'சூப்பர் டீலக்ஸி'ல் அதே விஜய் சேதுபதி சேலை கட்டிய ஷில்பாவாக வந்தபோதுதான், எதைக் காப்பியடிப்பது என்று தெரியாமல் பாப்கார்னோடு நிறுத்திக்கொண்டார்.

2024-இல் 'மெய்யழகன்' வந்து இவரை முழுசாக மாற்றிவிட்டது. ஆம்பளை அழலாம் என்று கார்த்தியும் அரவிந்த் சாமியுமே உத்தரவு கொடுத்த பிறகு யார் தடுப்பது? இப்போது எதற்கெடுத்தாலும் அழுகிறார். சின்ன வயதில் சண்டை போட்ட சித்தப்பாவுக்குப் போன் போட்டு அழுகிறார். விட்டுப்போன சைக்கிளை நினைத்து அழுகிறார்.

"அழுது முடிச்சாச்சுன்னா அந்தத் தோசைக்கல்லைக் கழுவி வைங்க" என்கிறார் மனைவி.

"ஃபீலிங்கைக் கெடுக்காதடி."

நாற்பது வருஷத்தில் இவர் எடுத்துக்கொண்டதெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொள்வது மட்டுமே: மீசை, புகை, தாடி, கண்ணீர். திரையில் குடிக்காதவர், புகைக்காதவர் என்று பேரெடுத்த எம்.ஜி.ஆரை இவர் அப்பா கும்பிட்டதும் இதே கணக்கில்தான். கட்-அவுட்டுக்கு மாலை போட்டுவிட்டு நேரே போனது சாராயக் கடைக்கு.

ஆகவே இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பெரிய ஹீரோவின் அறிமுகக் காட்சியில், ஸ்லோ மோஷனில், அவரைப் பாத்திரம் தேய்க்க விடுங்கள். பின்னணி இசை பலமாக இருக்கட்டும். கரண்டியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலை இவர் வீட்டுத் தோசைக்கல் பளபளக்கும்.