மூன்றாம் படியார் வாழ்க!

எங்கள் கிளப்பின் டென்னிஸ் ஏணியில் மூன்றாம் படியில் இருப்பவரைப் பற்றி இதுவரை யாரும் நாலு நல்ல வார்த்தை எழுதவில்லை. முதல் படிக்காரருக்கு ஆண்டுவிழாவில் கோப்பை கொடுக்கிறார்கள். கடைசிப் படிக்காரருக்கு எல்லாருடைய அனுதாபமும் கிடைக்கிறது. வருஷக்கணக்காக ஒரே படியில் அசையாமல் நிற்கிற மனிதருக்கு மட்டும் ஒரு சால்வைகூட இல்லை. அந்தக் கடனை அடைக்கவே இந்தக் கட்டுரை. பெயர் சொல்லப்போவதில்லை. புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது என்பதால் அல்ல. சென்னையில் எந்தக் கிளப்புக்குப் போனாலும் மூன்றாம் படியில் அவர்தான் நிற்கிறார்.

ஏணியின் விதிகள் எளியவை. நோட்டீஸ் போர்டில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தனக்கு மேலே மூன்று படிக்குள் இருக்கிற யாரை வேண்டுமானாலும் ஒருவர் ஆட்டத்துக்கு அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் பத்து நாளைக்குள் ஆடியாக வேண்டும். அழைத்தவர் ஜெயித்தால் மேலே இருப்பவரின் இடம் அவருக்கு. தோற்றால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். யாரால் ஆட்டம் நடக்காமல் போகிறதோ அவர் தோற்றதாகக் கணக்கு. நடுவர் கிடையாது, லைன்மேன் கிடையாது. தன் பக்கம் விழும் பந்தைத் தானே பார்த்து, உள்ளேயா வெளியேயா என்று தானே சொல்ல வேண்டும். பரமபதத்தில் ஏணிக்குப் பக்கத்திலேயே பாம்பையும் வரைந்திருப்பார்கள். கிளப் ஏணியில் பாம்பைத் தனியாக வரைய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் படியாரின் முதல் குணம், யார் அழைத்தாலும் மறுக்காதது. ஆறாம் படியில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையன் போன மே மாதம் அவரை ஆட அழைத்தான். அடுத்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "தாராளமா ஆடலாம் தம்பி. உங்களை மாதிரி இளைஞர்கள்தான் மேலே வரணும். எப்பன்னு மட்டும் சொல்லுங்க." பையன் திங்கள் காலை ஆறு மணி என்றான். திங்கள் அவருக்கு ஆடிட்டர் வருகிற நாள். செவ்வாய் விரதம், வெறும் வயிற்றோடு ஓடினால் தலை சுற்றும். புதன் பேரனுக்குத் தடுப்பூசி. வியாழன் பல் டாக்டர். வெள்ளி வீட்டில் பூஜை. சனி மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், அதுவும் ஊரப்பாக்கத்தில். ஞாயிறு அவருடைய டபுள்ஸ் செட். முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு நாளில் விட முடியுமா? ஒன்பதாம் நாள் அவரே மனமிரங்கி நேரம் ஒதுக்கினார்: பகல் இரண்டு மணி. வெளியே அக்னி நட்சத்திரம். பையனுக்கு அந்த நேரத்தில் ஆபீஸ். "நான் ரெடியாத்தான் இருந்தேன், தம்பிக்குத்தான் தோதுப்படலை" என்று குரூப்பில் எழுதி, கைகூப்புகிற பொம்மை ஒன்றையும் போட்டு, வாக்ஓவரைப் பெற்றுக்கொண்டார். ஒரு பந்தைத் தொடாமல், ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் ஓர் ஆட்டத்தை ஜெயிக்க எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்!

வாக்ஓவர் விஷயத்தில் நம் நாட்டுக்கே அவர் பாடம் எடுக்கலாம். 1974-ல் இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப்போட்டிவரை வந்தது. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய அணி. எதிரே தென் ஆப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. இறுதிப்போட்டியில் ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. வாக்ஓவரைக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அதை வாங்கத் தெரியவில்லை, பாவம்.

அதற்கும் முன்னால் இதே ஊர் ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். முதல் வருஷம் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், மறுவருஷம் ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த வருஷத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள். அப்படிப்பட்ட ஆட்களோடு, சொன்ன தேதியில் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் தோற்காமல் வேறென்ன நடக்கும்? லேவரிடம் ஒரு கிரகப்பிரவேசத்தைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லிக்கொடுக்க அப்போது மூன்றாம் படியார் இல்லை.

தப்பிக்க வழியில்லாமல் ஆட்டம் நடந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டால், அவர் கோர்ட்டுக்கு வருகிற அழகைப் பார்க்க வேண்டும். தோளில் ஆறு மட்டை கொள்ளும் பை. எந்த மட்டையிலும் ஒரு கீறல் இல்லை. கைப்பிடியில் சுற்றிய டேப் கடையில் பார்த்த அதே வெள்ளை. ஸ்ட்ரிங் அறுந்ததாகச் சரித்திரமே கிடையாது. வார்ம்-அப் ஐந்து நிமிஷம். அதில் நாலு நிமிஷம் அவர் வலையருகே நின்று வாலி பழகுவார், எதிராளி பந்து எடுத்துக் கொடுப்பார். எதிராளியின் முறை வரும்போது, "போதும் தம்பி, வெயில் ஏறுது, ஆரம்பிச்சிடலாம்" என்பார். எதிராளியின் உடம்பைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை.

அடுத்தது அவருடைய கண். பந்து கோட்டை மயிரிழை தொட்டாலும் உள்ளேதான். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு இதுதான் மரபு. மூன்றாம் படியார் இந்த மரபை ஒருநாளும் மீறியதில்லை. அவருக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில், கேமராக்களை வைத்துப் பந்தின் தடத்தைக் கணக்கிடும் ஹாக்-ஐ முதலில் வந்தது 2006 அமெரிக்க ஓபனில். 1877-ல் தொடங்கிய விம்பிள்டன், லைன் நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் கருவியிடம் ஒப்படைக்க 2025 ஆயிற்று. இத்தனை செலவு செய்தும் பந்து விழுந்த பிறகுதான் அந்தக் கருவியால் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. நம்மவருக்கு அந்தத் தாமதம் கிடையாது. பந்து வலையைத் தாண்டும்போதே ஆள்காட்டி விரல் மேலே போய்விடும்.

எங்கள் கிளப்பில் இன்னும் ஒரு செம்மண் கோர்ட் மிச்சமிருக்கிறது. செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் பதியும். சண்டை வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பையன் மறுபடி அழைத்து ஆட்டம் நடந்த ஒரு நாள், நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். அவன் அடித்த பந்து பேஸ்லைன்மேல் விழுந்தது. சுண்ணாம்புக் கோட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை கலைந்து, பின்பக்கம் மண்ணில் தெறித்திருந்தது. "அவுட்!" என்றார். பையன் தடம் பார்க்க வலையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் இவர் அந்த இடத்தில் போய் நின்றார். வலது ஷூவின் நுனி இடப்பக்கம் ஒருமுறை போனது, வலப்பக்கம் ஒருமுறை வந்தது. பிறகு, ஒரு சாண் தள்ளிக் கிடந்த வேறொரு பழைய தடத்தை மட்டையால் வட்டமிட்டுக் காட்டினார். "இதோ பாருங்க தம்பி, நல்லாவே வெளியே." அவ்வளவு தூரம் நடந்து வந்தவன் பார்க்க ஒரு தடமும் இல்லாமல் ஏமாந்து போகக் கூடாதே என்கிற பெருந்தன்மை!

தன் பக்கத்தோடு நின்றுவிடுகிற சுயநலமும் அவரிடம் இல்லை. கோர்ட்டின் நீளம் 78 அடி. அந்தக் கோடியில், பையனின் காலடியில் விழுந்த பந்தையும் இவரே பார்த்துச் சொல்வார்: "அது உள்ளே விழுந்தது தம்பி, நான் தெளிவாப் பார்த்தேன்." இவ்வளவு கூர்மையான கண்ணுக்குத் தன் சர்வின்போது பேஸ்லைனை மிதிக்கிற தன் இடதுகால் மட்டும் தெரிவதில்லை. அதற்கென்ன செய்வது? நாம் யாருமே நம் காலைப் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை.

கணக்கிலும் அவர் தாராளம். சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முன்னால் இருக்கும்போது அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பின்தங்கினால் தொண்டை கட்டிக்கொள்ளும். கேம் கணக்கு நாலுக்கு இரண்டு என்று பையன் சொன்னால், "மூணு-மூணு இல்லையா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்பார். பையன் ஒவ்வொரு கேமாக நினைவுபடுத்துவான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி விடுங்க, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், மூணு-ரெண்டுன்னு வெச்சுக்குவோம்" என்று சமாதானமாகப் போய்விடுவார். தனக்குச் சொந்தமில்லாத கேமைக்கூட மொத்தமாகக் கேட்காமல் விட்டுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அவருடைய வலது முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூஸில் நின்று நாலாவது முறை அட்வான்டேஜ் எதிராளிக்குப் போகும்போதுதான் அது வலிக்கும். இரண்டு பாயிண்டுக்கு நடுவே 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி என்று சர்வதேச விதி சொல்கிறது. அந்த விதியை எழுதியவர்களுக்கு முழங்கால் இல்லை போலும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பிரே அடித்து, பட்டையை இறுக்கி, இளநீர் குடித்து, இரண்டு போனுக்குப் பதில் சொல்லி எழுந்திருப்பதற்குள் பையனின் கை ஆறிவிடும். அடுத்த கேமில் மூன்றாம் படியார் வலைவரை ஓடிப்போய் டிராப் ஷாட்டை எடுப்பார். ஸ்பிரேயின் மகிமை.

இத்தனைக்கும் பிறகு தோல்வி தலைக்கு மேலே வந்துவிட்டால் வெளிச்சம் போதாமல் போகும். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் ஆடிய ஆட்டம் இரண்டு முறை இருட்டால் நின்று, மூன்றாம் நாள் முடிந்தது. மொத்தம் 11 மணி 5 நிமிஷம். கடைசி செட் மட்டும் 70-68. இருட்டினால் நின்றுபோன ஆட்டத்தை மறுநாள் தொடர வேண்டும் என்று யாரோ அந்த அப்பாவிகளை நம்பவைத்திருக்கிறார்கள். இங்கே நாலு ஃபிளட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, "பந்து தெரியலை தம்பி, இன்னொரு நாள் முடிச்சுக்கலாம்" என்று கைகுலுக்கிவிட்டார். இன்னொரு நாள் என்றால் காலண்டர் பார்க்க வேண்டும். காலண்டரில் திங்கள் ஆடிட்டர். முடியாத ஆட்டம் தோற்ற ஆட்டம் ஆகாது என்பது ஏணிக் கமிட்டியின் தீர்மானம். கமிட்டியில் அவரும் உண்டு. ஆனால் நியாயஸ்தர்; தன் விவகாரம் என்பதால் தான் ஓட்டுப் போடாமல், டபுள்ஸ் பார்ட்னரைப் போடச் சொன்னார்.

இப்படியெல்லாம் கட்டிக் காக்கிற ஏணிக்கு ஒரே ஓர் ஆபத்து உண்டு. எங்கள் கிளப் மார்க்கர். பால் பாயாக வந்து, உறுப்பினர்களோடு ஆடி ஆடியே கற்றுக்கொண்டவர். அவர் கையிலிருப்பது யாரோ கழித்துப் போட்ட மட்டை. விளிம்பெல்லாம் பெயிண்ட் உரிந்து, இரண்டு இடத்தில் வேறு நிற ஸ்ட்ரிங் போட்டு ஒட்டியது. தினமும் காலையில் மூன்றாம் படியாரோடு அரை மணி அடிப்பார். பந்து சரியாக இவர் இடுப்பு உயரத்துக்கு, இவருக்குப் பிடித்த ஃபோர்ஹேண்ட் பக்கம், ஓட வேண்டாத தூரத்தில் வந்து விழும். அதை இவர் எங்கே அடித்தாலும் திரும்பி அதே இடத்துக்கு வரும். கோட்டில் பட்ட பந்துக்கு மார்க்கர், "சூப்பர் ஷாட் சார்" என்பார். கோட்டுக்கு வெளியே போன பந்துக்கும் அதேதான் சொல்வார்.

ஒருமுறை அவரிடம் தனியாகக் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்க, இந்த ஏணியில யார் எந்தப் படியில இருக்கணும்?" சிரித்தார். "எல்லாருமே நல்லா ஆடுறாங்க சார்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்குச் சுண்ணாம்பு போடப் போய்விட்டார். நல்லவேளை, அவர் உறுப்பினர் இல்லை, சம்பளக்காரர். அவர் பெயர் ஏணியில் ஏற முடியாது. முதல் படிக்காரரிலிருந்து கடைசிப் படிக்காரர்வரை ஒருவர் விடாமல் நாங்கள் ஒற்றுமையாக ஒப்புக்கொள்கிற விதி இது ஒன்றுதான். அந்த அளவில் நாங்கள் எல்லாருமே மூன்றாம் படியார்தான்.

ஆறாம் படிப் பையன் இப்போது பிக்கிள்பால் ஆடப் போய்விட்டான். அவன் பெயரை எடுத்துவிட்டு, கீழே இருந்தவர்களை ஒரு படி உயர்த்திவிட்டோம். யாரையும் ஜெயிக்காமல் எல்லாரும் முன்னேறினோம். அன்றைக்குத்தான் எனக்கு மூன்றாம் படியாரின் தரிசனம் முழுதாகப் புரிந்தது. ஏணிக்கு ஆட்டம் தேவையே இல்லை. ஆட்டம் வந்தால் வெயில், வியர்வை, தடம், தகராறு. நேற்று வந்த பையனிடம் தோற்றுவிட்டோம் என்ற மனக்கஷ்டம் வேறு. ஆகவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். ஏணியை ஃபிரேம் போட்டு லவுஞ்சில் மாட்டிவிட்டு, கோர்ட்டுகளை எடுத்துவிடலாம். கார் நிறுத்த இடமில்லை என்று உறுப்பினர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். கோர்ட் இல்லையென்றால் மார்க்கரும் வேண்டியதில்லை. கிளப்பில் டென்னிஸ் தெரிந்த ஒரே ஆளும் வெளியே போய்விட்டால், அவரவர் படியில் அவரவர் நிம்மதியாக இருக்கலாம்.