டாக்டர் ஓடாமல் இருக்க ஒரு வழி

கிராமத்துக்கு டாக்டர் வரமாட்டேன் என்கிறார் என்பது நேற்று முளைத்த தலைவலி இல்லை. 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கப் பாதிரி டாக்டருக்கும் இதே தலைவலிதான். அவர் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் கொஞ்சம் குரூரமானது. அதனாலேயே வேலை செய்தது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர். நியூயார்க்கில் மருத்துவம் படித்தவர். வரும்போது வயது இருபத்தைந்தை ஒட்டி. அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் லேசுப்பட்டவர் இல்லை. சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரும்பங்கு அவருடையது. 1898இல் ஐந்து பகுதிகளைச் சேர்த்து இன்றைய நியூயார்க் மாநகரை உண்டாக்கியதிலும் அவர்தான் முன்னணி. அண்ணனுக்கு நியூயார்க், தம்பிக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய். நம் ஊரில் இப்படிப் பாகம் பிரித்தால் கேஸ் மூன்று தலைமுறைக்கு நடக்கும். கிறீன் வாய் திறக்காமல் 1848இல் மானிப்பாயில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

பார்த்தால் வரிசை முடியவில்லை. பக்கத்துப் பரியாரியாரிடம், அதாவது நாட்டுவைத்தியரிடம், சரியாகாதவை எல்லாம் கடைசி நாளில் இங்கே வந்து சேர்ந்தன. ஒற்றை ஆள் என்ன செய்வார்? மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், ஆங்கிலத்தில். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் அப்போது ஒரு வினோத வழக்கம் உண்டு. கடல் கடந்த தர்மவான் ஒருவர் பையனின் படிப்புச் செலவை ஏற்றால், பையனுக்கு அந்தத் தர்மவானின் பெயரைச் சூட்டிவிடுவார்கள். மருத்துவ வகுப்பிலும் சாப்மன், டான்போர்த் என்று பெயர்கள் கிடந்தன. பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது மானிப்பாயா மாசசூசெட்ஸா என்று சந்தேகம் வரும்.

சிக்கல் படிப்பில் இல்லை, படித்த பிறகு வந்தது. ஆங்கிலம் தெரிந்த பையனுக்கு அரசாங்கம் உத்தியோகம் கொடுக்கும், சம்பளம் கொடுக்கும், தீவின் வேறு மூலைக்கு அனுப்பியும் வைக்கும். ஆங்கிலம் ஆட்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டங்களைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டுக்கு அதனால் லாபம். தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழைய ஏடுகளைத் தேடித் தேடி அச்சிட்டார். யாழ்ப்பாணத்து வயிற்றுவலிக்காரருக்கு என்ன லாபம்? கிறீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தான் நடத்துவது வைத்தியப் பள்ளிக்கூடமா, ஏற்றுமதிக் கம்பெனியா?

1864இல் அடித்தார் ஒரு பல்டி. இனிமேல் மருத்துவம் தமிழில் மட்டும் என்றார். தமிழில் உடற்கூறு படித்தவனுக்குக் கொழும்பில் யார் நாற்காலி போடுவார்கள்? எங்கும் போக முடியாது. பிறந்த ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்த்தாக வேண்டும். அதோடு விடவில்லை. மாணவர்கள் தொப்பியும் கால்சட்டையுமாக மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. உடுப்பிலும் சாப்பாட்டிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றார். மகன் டாக்டராகிக் கோட்டு போட்டுக்கொண்டு வருவான் என்று வாசலில் காத்திருந்த அப்பாக்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். போன வேட்டியோடேயே திரும்பி வந்தான்.

தமிழில் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் எங்கே? இல்லை. செய்தார்கள். பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்துவிட்டது. இரணவைத்தியம் 1867இல். லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூறு நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் நின்றது. பதினாலே வருஷம்! இன்றைக்கு அதே வேலைக்கு ஒரு வல்லுநர் குழு போட்டால், பதினாலு வருஷத்தில் குழுவின் பெயர்ப்பலகையில் சந்திப்பிழை உண்டா இல்லையா என்பது முடிவாகியிருக்கும். மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், கிறீன் வரிவரியாகத் திருத்தினார். கலைச்சொல்லுக்கு அவர் வைத்த வரிசை சுருக்கமானது. முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அதுவும் இல்லையா, ஆங்கிலச் சொல்லுக்கே வேட்டி கட்டிவிடு. அப்படி வேட்டி கட்டிக்கொண்ட கெமிஸ்ட்ரிதான் 1875இல் 'கெமிஸ்தம்' என்று நாகர்கோவிலில் அச்சேறியது. எல்லா நூல்களும் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இதில் ஊருக்குக் கிடைத்த உபரி லாபம் ஒன்று உண்டு. கண், காது, கை, கால், தோல், வாய் என்று உறுப்புக்கு ஒன்றாகவும், காலராவுக்குத் தனியாகவும் சின்னப் பிரசுரங்கள் போட்டார் கிறீன். சுகாதாரப் பிரசாரம் என்ற துறையே இல்லாத காலம் அது. மாணவன் தமிழில் படித்ததால் அவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து அப்படியே சொல்ல முடிந்தது. தான் படித்ததை முதலில் ஆங்கிலத்திலிருந்து தனக்கே மொழிபெயர்த்து, பிறகு பாட்டிக்கு மொழிபெயர்த்து, நடுவில் பாட்டி தூங்கிப்போகும் அவஸ்தை அவனுக்கு இல்லை.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு, உடம்பு முடியாமல் 1873இல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். இங்கேதான் கதையின் கிண்டல். ஊரைவிட்டுப் போக முடியாத வைத்தியர்களை வரிசையாக உண்டாக்கியவர் தாம் மட்டும் கப்பல் ஏறினார். ஏறலாம், அவருக்கு ஆங்கிலம் தெரியும்! ஆனால் மனுஷன் வூஸ்டரிலும் தமிழை விடவில்லை. 1884இல் சாகும்வரை தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்றே கல்லறையில் பொறிக்கச் சொன்னார். கொழும்பில் 1870இல் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் பாடம் நடத்தியது. மானிப்பாய்த் தமிழ் வகுப்பு அவருக்குப் பின் மெல்ல அடங்கியது.

டாக்டரைக் கிராமத்துக்குத் துரத்தும் விளையாட்டு மட்டும் அடங்கவில்லை. இந்தியாவில் 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, மருத்துவ மாணவன் சமூக மருத்துவனாக வேண்டும் என்று அழகாக எழுதி வைத்தது. 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்று திட்டம் போட்டு, நடமாடும் மருத்துவமனை வண்டிகளையும் கொடுத்தார்கள். வண்டி பிரமாதம். கிராமத்துச் சாலைதான் அதைவிடக் குறுகல். இப்போது 2022 முதல், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டுமாம். நடைமுறையில் யார் யாரைத் தத்தெடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? ரத்த அழுத்தம் பார்க்கப் போன பிள்ளைக்குக் காப்பி கொடுத்து, வீட்டில் எத்தனை பேர், இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று முழு வரலாறும் எடுத்துவிடுவார்கள். நோயாளியின் வரலாறு எடுப்பது எப்படி என்று கல்லூரி கற்பிப்பதைவிட நன்றாகவே.

மொழித் தலைவலியும் தீரவில்லை. கேரளத்தில், மூணாற்றுக்குக் கீழே சித்திரபுரத்தில் ஒரு சமூக சுகாதார மையம் இருக்கிறது. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்குள் தமிழ். அந்த மாவட்டத்துக்கென்று 2014இல் இடுக்கி மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2016இல் அனுமதி போய், மாணவர்களை வேறு கல்லூரிகளுக்கு மாற்றினார்கள். டாக்டர் ஊரைவிட்டுப் போவது பழைய கதை. இங்கே படிப்பு முடியுமுன்னே வகுப்பே போய்விட்டது. 2022இல் மறுபடி வந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு மாணவி மலையேறிப் போய்ச் சுகாதாரம் சொல்ல வேண்டியது, "குறுக்கு புடிச்சுக்கிச்சு டாக்டரம்மா, கொழுந்துக் கூடையைத் தூக்க முடியல" என்கிற அக்காவிடம். மலையாளத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் படித்து, முதுகுத்தண்டின் ஒவ்வொரு எலும்புக்கும் லத்தீன் பெயர் தெரிந்த அந்தப் பெண், குறுக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவாள். 2019இல் வந்த பாடத்திட்டம் உள்ளூர் மொழி கற்கவும் சில மணி நேரம் ஒதுக்கியது. எந்த உள்ளூர் என்பதுதான் இங்கே கேள்வி.

கிறீன் செய்ததில் பாதி அநியாயம். பையன்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார். பாதி ஞானம்: உள்ளே இருப்பவர்களோடு பேசக் கற்றுக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த நாம் அந்த ஞானத்தைக் கழித்துவிட்டுப் பூட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். படித்து முடித்ததும் இத்தனை வருஷம் கிராமத்தில் வேலை பார், இல்லாவிட்டால் இத்தனை லட்சம் கட்டு என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். லட்சத்தைக் கட்டிவிட்டு ஓடத் தெரியாதவனுக்கு, அந்தக் கல்லூரியில் இடம்தான் எப்படிக் கிடைத்திருக்கும்?